பிராசசருக்கு 'ஜி' போட மறந்துவிட்டீர்கள்

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டர் 2018-இல் வாங்கியது. ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று தெரிந்ததால், லேமிங்டன் ரோட்டில் ரைசன் 5 5600 வாங்கி வந்து என் மகனே மாட்டினான். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வருகிறது. பழையதைத் திரும்ப மாட்டினால் எல்லாம் ஓடுகிறது. கடையில், "பிராசசர் நல்லதுதான், போர்டு போயிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். மாற்ற வேண்டுமா ஐயா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம் அம்மா. போர்டு போயிருந்தால் பழைய பிராசசரில் மட்டும் எப்படிப் படம் வரும்? கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை: பிராசசர் நல்லதுதான். உங்களுக்குப் பொருந்தாத நல்ல பிராசசர்.

2200ஜி-யின் வாலில் இருக்கும் அந்த 'ஜி'யைக் கவனியுங்கள். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி அந்தப் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது என்று அதற்குப் பொருள். வெறும் 5600-இல் அது கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் பெட்டியில், போர்டின் எச்டிஎம்ஐ துளைக்குப் படம் தர ஆளே இல்லை. கடைக்காரரை நீங்கள் நாலு முறையாவது 'ஜி' போட்டுக் கூப்பிட்டிருப்பீர்கள். பிராசசருக்கும் ஒரு 'ஜி' சேர்த்துக் கேட்டிருக்கலாம்!

பில் கையில் இருந்தால் 5600ஜி-யாக மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். அதுவும் 65 வாட்தான். இப்போதைய பவர் சப்ளையே போதும். நான்கு கோரிலிருந்து ஆறு கோருக்குப் போகிறீர்கள், விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இருக்கிறது. மாற்ற மறுத்தால் யாரிடமாவது பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடலாம். அப்போது மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும், போர்டில் அல்ல. இதைச் சொல்வதற்காகவே நான் முலுண்ட் வரை ரயிலேறிப் போன நாளும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 5600ஜி வந்தது 2021-இல். போர்டிலேயே பதிந்திருந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்தான் பயாஸ். 2018-இல் எழுதிய பயாஸுக்கு அதை அடையாளம் தெரிய வழியில்லை. அப்போதும் இதே இருட்டுத் திரைதான் வரும். போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடினால், எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால்தான் போர்டு உண்மையிலேயே போகும். மழை கொட்டும் இரவில் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மகன் ஏற்கெனவே இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறான் என்பதுதான் எனக்குக் கவலை. சில ஆண்டுகளுக்கு முன் மாட்டுங்காவில் என் பக்கத்து வீட்டுப் பையனின் பெட்டியில், பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனோடு கூடிய கூலரை, குளிர்ந்து கிடந்தபோதே நேராக மேலே இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தத் தடவியிருந்த, காய்ந்த பசையோடு பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, சாக்கெட்டின் பூட்டு பூட்டியபடியே! பிராசசரின் அடியில் மொத்தம் 1331 பின்கள். அவற்றில் மூன்று சாய்ந்திருந்தன. மைக்ரோ டிப் பென்சிலிலிருந்து லெட்டை எடுத்துவிட்டு, அந்த மூக்கைப் பின்னில் மாட்டி, ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அரை மணி நேரம் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அதிலிருந்து பழகிய வழி இது: பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட விடுங்கள், பசை இளகும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரின் திருகுகளைக் கழற்றி, அதை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள். பழைய பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

புதியது மாட்டியதும் முதல் திரையில் 'எஃப்டிபிஎம்' (பிராசசருக்குள் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) என்று ஏதோ எச்சரித்து, 'ஒய்' (Y) அல்லது 'என்' (N) அழுத்தச் சொல்லக்கூடும். பார்த்ததும் மகன் உங்களைக் கூப்பிடுவான். டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அதன் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு ஒய் அழுத்தட்டும். போடவில்லையென்றால் யோசிக்காமல் அழுத்தலாம்.