கட்டமில்லாத கில்ட் கட்டலாமா?

கேள்வி: எடின்பரோவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பருக்கு நவம்பரில் கல்யாணம். பகல் ஒரு மணிக்குச் சடங்கு, அதன் பிறகு விருந்து, இரவு நடனம். என்னையும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவ உடை) கட்டி வரச் சொல்கிறார். ஆனால் டார்ட்டன் என்னும் வண்ணக் கட்டத் துணியில் ஒவ்வொரு கட்டமும் ஒரு குலத்துக்கு உரியது என்கிறார்கள்; எனக்கு எந்தக் குலமும் இல்லை. ஒரே நிற கில்ட்டோ, ட்வீட் என்னும் தடித்த கம்பளித் துணி கில்ட்டோ வாங்கினால் பொருத்தமாக இருக்குமா? கூட என்னென்ன போட வேண்டும்?
— எடின்பரோ வாசகர்

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். இன்னார்தான் இன்ன டார்ட்டனை உடுத்தலாம் என்று சட்டம் எதுவும் உங்களைத் தடுக்கவில்லை. பிளாக் வாட்ச் போன்ற சில கட்டங்களை யார் வேண்டுமானாலும் உடுத்துகிறார்கள். ஆனாலும் உங்கள் யோசனை நல்ல யோசனை, பழைய யோசனையும்கூட. 1859இல் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவு உருவானபோது, எந்தக் குலத்தின் பக்கமும் சாயக்கூடாது என்று ஹாடன் கிரே என்னும் மங்கலான ஒற்றை நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐரிஷ் படைப்பிரிவுகளின் பைப் இசைக்காரர்கள் இன்றும் காவி கலந்த மஞ்சள் கில்ட்தான் கட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கட்டம் போட்ட கில்ட்டில் பார்ப்பவர் கண் கட்டத்துக்குப் போய்விடும். கட்டம் இல்லையென்றால் துணியின் கனம், கொசுவத்தின் நேர்த்தி, நீளம் மூன்றும்தான் முன்னால் வந்து நிற்கும். சின்னக் கோணலைக்கூட மறைக்க அங்கே எதுவும் இல்லை.

ஒரே நிறத் துணியில் வாங்குவதானால் முறுக்கு நூலில் நெய்த வொர்ஸ்டட் கம்பளியாகக் கேளுங்கள். கஜத்துக்கு 16 அவுன்ஸ் என்பது கனமான ரகம், 13 அவுன்ஸ் நடுத்தரம். 10, 11 அவுன்ஸ் துணி எடின்பரோ காற்றில் பறக்கும். கொசுவம் திரும்பத் தன் இடத்துக்கு வந்து விழாது. முழு கில்ட்டுக்கு 8 கஜம் பிடிக்கும். அத்தனையும் பின்பக்கம் இருபத்தைந்துக்கு மேற்பட்ட மடிப்புகளாக அடங்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் இடுப்பெலும்பு அருகே அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக ஒரே சீராகக் குறுக வேண்டும். டார்ட்டனில் தைப்பவருக்குக் கோடுகள் வழிகாட்டும். வெறும் துணியில் ஒரு மடிப்பு கொஞ்சம் தடித்தாலும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கடையில் கில்ட்டைக் குப்புறப் போட்டு, தைத்த பகுதியைப் பாருங்கள். விளிம்புகள் சீப்பின் பற்கள்போல வரிசையாக இருக்கிறதா? பிறகு இடுப்புப் பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். கீழே கொசுவம் தானாக மூடிக்கொள்ள வேண்டும். வாய் பிளந்து நின்றால் இடுப்பளவுக்கும் பின்புற அளவுக்கும் கணக்குத் தப்பியிருக்கிறது என்று பொருள்.

நிறத்தில் கறுப்பைத் தவிருங்கள். பஞ்சும் நூலும் ஒட்டினால் பளிச்சென்று தெரியும், உட்காரும் இடம் சீக்கிரம் மின்ன ஆரம்பிக்கும், பகல் கல்யாணத்தில் பரிமாறுபவரின் சீருடைபோலவும் ஆகிவிடும். கரிச்சாம்பல், கருநீலம், கரும்பச்சை மூன்றும் அழகாக இருக்கும்.

ட்வீட் வேறு குணம். நூல் தளர்வாக நூற்றது, மெத்தென்று இருக்கும். அதனால் மடிப்பின் முனை கத்திபோல நிற்காது. துணி தடிப்பு என்பதால் 8 கஜம் வைத்தால் பின்பக்கம் மூட்டைபோல் ஆகிவிடும். 5 கஜம் போதும். பெட்டி மடிப்பு என்கிற அகலக் கொசுவம் வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கில்ட்டின் அடியில் மடித்துத் தைப்பது வழக்கமில்லை. வேட்டியின் கரையைப்போல, நெய்த ஓரமே அடிவிளிம்பாக இருக்கும். கோட்டுக்காக நெய்த பல ட்வீட்களில் அதற்கேற்ற ஓரம் கிடையாது. அப்போது அடியை மடித்துத்தான் தைக்க வேண்டும்; ஒவ்வொரு மடிப்பிலும் அந்தத் தடிப்பு சேர்ந்துகொள்ளும். துணி எடுக்கும் முன்பே தையல்காரரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஹாரிஸ் ட்வீட் என்று சொல்லி விற்றால் உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில், தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ததற்குத்தான் அந்தப் பெயர் செல்லும். 1993இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

அந்தத் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணருகே வைத்துப் பாருங்கள். தூரத்தில் வெறும் பழுப்பாகத் தெரிந்ததில் துரு நிறம், பாசிப் பச்சை, மஞ்சள், எங்கோ ஒரு ஊதா இழை என எல்லாம் கலந்து கிடக்கும். நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் ஏற்றிக் கலப்பதால் வருவது அது. உங்கள் டையும் நீளக் காலுறையும் என்ன நிறம் என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது. அந்த இழைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துரு நிறக் காலுறை, பாசிப் பச்சை டை என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளைக் காலுறை மட்டும் வேண்டாம். ட்வீட்டின் கீழே அது கட்டுப்போட்ட கால்போல் நிற்கும்.

கோட்டும் கில்ட்டும் ஒரே ட்வீட்டில் எடுப்பது இப்போது பரவலாக இருக்கிறது. எங்கள் அபிப்பிராயம், வேண்டாம். தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே பாளமாகத் தெரியும். ட்வீட் கில்ட்டுக்கு மேலே ஒரே நிறக் கோட், ஒரே நிற கில்ட்டுக்கு மேலே ட்வீட் கோட் என்று மாற்றிப் போடுங்கள். உங்களிடம் இருக்கும் சாதாரண சூட் கோட் உதவாது. நீளம் அதிகம், முன்னால் தொங்கும் ஸ்போரன் பையை மூடிவிடும். கில்ட்டுக்கென்று குட்டையாக வெட்டிய ஆர்கைல் அல்லது கிரெயில் கோட் தேவை. வேஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். கில்ட்டை இடுப்பில் நிறுத்துவது அதன் வார்கள்தான், பெல்ட் இல்லை.

ஸ்போரன் பழுப்புத் தோலில், வெள்ளி வேலைப்பாடு இல்லாமல் இருக்கட்டும். வேஸ்ட்கோட்டின் அடியிலிருந்து நான்கு விரல் இறங்கித் தொங்கட்டும். சங்கிலிக்குப் பதில் தோல் பட்டை கேளுங்கள். சங்கிலி இடுப்போரத்தில் உராய்ந்து உராய்ந்து ட்வீட்டைத் தேய்த்துவிடும். துளை வேலைப்பாடுள்ள பழுப்பு ப்ரோக் ஷூ போதும். அழைப்பிதழில் இரவு விருந்துக்கு ‘பிளாக் டை’ (முறையான மாலை உடை) என்று இருந்தால் மட்டும் ட்வீட்டை விட்டுவிட்டு, கரிச்சாம்பல் வொர்ஸ்டட் கில்ட்டுடன் பிரின்ஸ் சார்லி என்னும் குட்டையான மாலைநேரக் கோட் போடுங்கள். ட்வீட்டின் மேல் பிரின்ஸ் சார்லி ஒட்டவே ஒட்டாது. பிளாக் டை இல்லையென்றால் உங்களுக்கு எங்கள் தேர்வு நடுத்தரக் கனமுள்ள ட்வீட். தடித்த ரகம் எடுத்தால் நடனத்தில் வியர்த்துக் கொட்டும்.

அளவு விஷயத்தில் கவனம். ஜீன்ஸ் அளவைச் சொல்லி ஆர்டர் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கில்ட் தொப்புள் மட்டத்தில் கட்டுவது. அங்கே ஒரு அளவு, பின்புறம் மிக அகலமான இடத்தில் ஓர் அளவு எடுங்கள். அடிவிளிம்பு முழங்கால் சில்லின் மேற்பகுதிக்கும் நடுவுக்கும் இடையில் நிற்க வேண்டும். மண்டியிட்டால் தரையைத் தொடக்கூடாது. கையால் தைக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், ஆகவே இப்போதே சொல்லிவிடுங்கள்.

கட்டும்போது கொசுவம் பின்னால் வரட்டும். வலப்பக்க முனையை முன்னால் இடப்பக்கம் கொண்டுபோய், அங்குள்ள துளை வழியாக வாரை இழுத்து மாட்டுங்கள். பிறகு இடப்பக்க முனை மேலே வந்து வலது இடுப்பில் முடியும். கில்ட் பின் என்னும் ஊசியை மேலே வரும் முன்துணியில் மட்டும் குத்துங்கள். அடித்துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். புது கில்ட்டில் கொசுவத்தைச் சேர்த்து ஓடும் தளர்வான நூல் தையலை மறக்காமல் பிரித்துவிடுங்கள். காலுறையின் மடித்த விளிம்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே நிற்கட்டும். அதில் செருகும் ஸ்கியன் டூ கத்திக்கு, தேசிய உடையின் பகுதி என்று ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் கைப்பையில் வைக்கக்கூடாது. உள்ளாடை உங்கள் விருப்பம், வாடகை கில்ட் என்றால் கட்டாயம்.

உட்காரும் முன் இரு கையாலும் பின்கொசுவத்தைக் கீழ்நோக்கித் தடவி விட்டு உட்காருங்கள். ட்வீட்டுக்கு இது மிக அவசியம். கசங்கிய மடிப்பின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பின்பக்கம் பை தட்டிவிடும். கல்யாணம் முடிந்ததும் பிரஷ் போட்டு, இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டி ஒரு நாள் காற்றாடத் தொங்கவிடுங்கள். சாப்பாட்டுக் கறை இருந்தால் எடுத்துவிட்டே பெட்டியில் வையுங்கள். அந்துப்பூச்சி முதலில் தேடி வருவது அந்த இடத்தைத்தான்.