தருமபுரியில் போர் தண்ணீர் ஊற்றிய, செடி வளர்க்கும் மீன் தொட்டியில் கறுப்புப் பாசி போகவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

இலை ஓரத்தில் கறுப்பாக, தாடி மயிர் மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் வராமல் நிற்கிறதா? அது பிளாக் பியர்டு ஆல்கே. பார்க்கக் கறுப்பு, ஆனால் சிவப்புப் பாசி வகை. சந்தேகம் என்றால் ஒரு துணுக்கை ஆல்கஹாலில் ஊறப்போடுங்கள், சிவந்துவிடும்.

பழியைத் தண்ணீர் மேல் மட்டும் போடாதீர்கள். நம்ம பக்கம் போர் தண்ணீர் கடினமானதுதான். என் தொட்டி விளிம்பிலும் வெள்ளைக் கறை படியும், ஆனாலும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி தழைக்கிறது. பெரும்பாலும் காரணம் விளக்கு அதிக நேரம் எரிவது, தீனி மிஞ்சுவது, தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறி இறங்குவது.

விளக்கை 6 மணி நேரமாக்குங்கள். பாசி அப்பிய பழைய இலை தேறாது, வெட்டிவிடுங்கள். கல்லிலும் கட்டையிலும் இருந்தால், ஃபில்டரை நிறுத்திவிட்டு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை சிரிஞ்சில் எடுத்து பாசி மேலேயே மெல்ல விடுங்கள். தொட்டித் தண்ணீர் 4 லிட்டருக்கு 1 மில்லியைத் தாண்டவே கூடாது, மீனுக்கு ஆபத்து. குமிழ் குமிழாகக் கிளம்பும். 10 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகி வெளுக்கும், அப்புறம் இறால்கள் கொறித்துவிடும்.

வாரம் கால்வாசி தண்ணீர் மாற்றுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.