ஐந்து வயதில் ஹீப்ரு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் யூதப் பள்ளிகளில் மழலையர் வகுப்பிலேயே ஹீப்ரு தொடங்கிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, வலமிருந்து இடமாக எழுதுகிற, உயிரெழுத்தே இல்லாத மொழியை எப்படிச் சொல்லித்தருகிறார்கள்? கூடவே மதப் பாடமும். சுமையாகாதா? நானும் மழலையர் பள்ளி ஆசிரியை என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எழுத்திலிருந்து தொடங்கினால் சுமைதான். அதனால் கைதேர்ந்த ஆசிரியைகள் முதலில் காதைத்தான் பழக்குகிறார்கள். உட்கார், எழுந்திரு, கை கழுவு என்று வகுப்பில் தினமும் சொல்ல வேண்டியதையெல்லாம் ஹீப்ருவிலேயே, கையசைவோடு சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹீப்ருவில் ஏவல் வினை பால் பார்த்து மாறும். 'உட்கார்' என்பதற்குப் பையனிடம் 'ஷேவ்', சிறுமியிடம் 'ஷ்வீ'. அவசரத்தில் எல்லோரிடமும் ஆண்பாலிலேயே பேசிப் பழகிய ஆசிரியையின் வகுப்பில், சிறுமிகள் தங்கள் தோழிகளையும் ஆண்பாலிலேயே அழைப்பார்கள். மொத்த வகுப்புக்கும் சொல்லும்போது 'லாஷெவெட்' என்ற பொது வடிவம் இருக்கிறது. இஸ்ரேலில் அது சகஜம்.

மதமும் மொழியும் அங்கே இரண்டு பாடங்கள் அல்ல. வெள்ளிதோறும் சபாத் என்ற வார ஓய்வுநாளின் வரவேற்பு நடக்கும்: இரண்டு மெழுகுவர்த்தி, திராட்சைச் சாறு, ஹலா என்ற பின்னல் ரொட்டி இரண்டு, அதே ஆசி வாக்கியங்கள். வாரம் தவறாமல் இது திரும்ப வருவதால் யாரும் மனப்பாடம் செய்ய வைக்காமலே பதிந்துவிடும். ஹலாவைப் பிள்ளைகளே பிசையலாம். மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 10 கிராம், சர்க்கரையும் எண்ணெயும் அறுபது அறுபது கிராம், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு, 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு மணி நேரம் உப்பவிட்டால் பன்னிரண்டு சிறு ரொட்டிக்கு வரும். மூன்று புரிப் பின்னலை இந்த வயதில் எதிர்பார்க்க வேண்டாம், பாதியில் கைவிட்டுவிடுவார்கள். ஒரு சாண் நீளத்துக்கு உருட்டி ஒரே முடிச்சுப் போடச் சொன்னால் போதும். மாவு கையில் ஒட்டுகிறதே என்று பிள்ளைகள் மேலும் மேலும் மாவைத் தூவுவார்கள்; ரொட்டி கல்லாகிவிடும். கையில் எண்ணெய் தடவிவிடுங்கள்.

இனி எழுத்து. மொத்தம் 22, அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். அகரவரிசையைப் பாட்டாகப் பாடலாம், ஆனால் எழுத்தை அந்த வரிசையில் கற்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹே, ஹெத் என்ற எழுத்துகள் வரிசையில் ஏறக்குறைய அருகருகே வரும். வடிவமும் ஒன்று போலத்தான். ஹேயின் இடது கால் மேற்கோட்டைத் தொடாது, ஹெத்தில் தொடும், அவ்வளவுதான் வித்தியாசம். தாலெத், ரேஷ் ஜோடியில் வித்தியாசம் இன்னும் நுட்பமானது. தாலெத்தின் மேல் வலது முனை கூராக இருக்கும், ரேஷில் வளைந்திருக்கும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவச் செய்தால், தாலெத்தின் மூலையில் விரல் ஒரு கணம் நின்று திரும்பும், ரேஷில் வழுக்கிக்கொண்டே போகும். கண் தவறவிடுவதை விரல் பிடித்துக்கொள்ளும். ஜோடியில் ஒன்று நன்றாகப் பதிந்து சில வாரங்கள் போன பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

திசைக்குத் தாளின் வலது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி போதும். வலது கைக்காரப் பிள்ளைகளின் கை, எழுதியதையே மறைத்துக்கொண்டு போகும். தாளைச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

உயிரெழுத்தே இல்லை என்பது முழுக்கச் சரியல்ல. பிள்ளைகளுக்கான நூல்களில் நிகுத் என்ற குறிகள் இருக்கும், நம் உயிர்மெய்யின் கொக்கியும் கொம்பும் போல. எழுத்தின் கீழே சிறு கோடு பதாக், கோட்டின் அடியில் ஒரு குச்சி சேர்ந்தால் காமாட்ஸ். இன்றைய இஸ்ரேலிய உச்சரிப்பில் இரண்டுமே பெரும்பாலும் 'ஆ'தான், சேர்த்தே கற்பிக்கலாம். ஆனால் அஷ்கெனாசி என்ற ஐரோப்பிய யூத முறைப்படி தொழும் குடும்பங்களில் காமாட்ஸ் 'ஓ'வாக ஒலிக்கும். பெற்றோரிடம் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், பிள்ளை வீட்டில் ஒன்றும் வகுப்பில் ஒன்றுமாகக் கேட்டுத் திணறும்.

மதப் பாடத்தில் ஆசிரியை மறக்கக் கூடாத ஒன்று உண்டு. கடவுளின் பெயர் முழுதாக அச்சான தாளைக் குப்பையில் போடக் கூடாது. இத்தகைய தாள்களுக்கான கெனிசா பெட்டியில் சேர்த்துவைத்துப் பிறகு புதைக்க வேண்டும். வாரம் முழுதும் பயிற்சித்தாள் அடிக்கும் வகுப்பில் அந்தப் பெட்டி சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால் தாளில் பெயருக்குப் பதில் ஹே எழுத்தையும் ஒரு மேற்குறியையும் மட்டும் அச்சிடுவார்கள். ஆசி சொல்லும்போது மட்டும் பெயரை முழுதாகச் சொல்லலாம், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக அதை யூதச் சட்டம் அனுமதிக்கிறது.