மேடை நடனப் படங்களுக்கு எஃப் 1.8 போதுமா, எஃப் 1.2 வேண்டுமா?

வணக்கம். அரங்கேற்றப் படங்கள் 55 மி.மீ. குவியத்தூரம், எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் குறையக் குறையத் துளை பெரிதாகி ஒளி கூடும்), 1/60 நொடி ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 என்ற அமைப்பில் கலங்கிவிட்டதாகவும், கேனனின் 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸைக் கடன் வாங்கியாவது வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எஃப் 5.6-இலிருந்து எஃப் 2-க்கு வந்தாலே சென்சாருக்கு எட்டு மடங்கு ஒளி கிடைக்கும். அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு உயர்த்தலாம், அடவின் வேகத்தை உறைய வைக்க அது பெரும்பாலும் போதும். மலிவான எஃப் 1.8 லென்ஸே இதைச் செய்துவிடும், எஃப் 1.2 தருவது அதைவிட இரண்டேகால் மடங்கு ஒளி மட்டுமே. அதற்கான விலை பணம் மட்டுமன்று. சிறிய சென்சார் கொண்ட தங்கள் ஏபிஎஸ்-சி கேமராவில், நான்கு மீட்டர் தொலைவில், எஃப் 1.2-இல் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ ஓர் அடிதான் என்பதால், கண்களில் குவியம் வைத்தால் முன்னே நீட்டிய கையின் முத்திரை மங்கிவிடும்; பரதநாட்டியத்தில் முத்திரையை இழந்த படம் பாதிப் படம்தான். எஃப் 2.8-இல் அந்த ஆழம் இரண்டடிக்கும் மேல், வேகமும் 1/250 கிடைக்கும்.

விலையுயர்ந்த லென்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து எடுக்க நேர்ந்தால் 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸுக்கு ஈடில்லை. அதை நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.