மகளுக்கு வாங்கிய நாவல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளுக்காக வாங்கிய சிறார் நாவல்களை இப்போது நானே தேடித் தேடி வாசிக்கிறேன். அதிலும் குழந்தைகள் ஏதோ மாயத்தால் பழங்காலத்துக்குள் போய்விடும் கதை என்றால் விடுவதில்லை. பெரியவர்களுக்கான தடித்த சரித்திர நாவல்களோ பாதியில் நின்றுவிடுகின்றன. ‘இந்த வயதில் இதுவா?’ என்று வீட்டில் கேலி. என் ரசனை இறங்கிவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அலிசன் அட்லி 1939இல் எழுதிய ‘எ டிராவலர் இன் டைம்’ கைக்குக் கிடைத்ததா? இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு பழைய பண்ணைவீடு. அங்கே தங்க வரும் பெனலபி என்ற சிறுமி ஒரு கதவைத் திறக்கிறாள். அதே வீடுதான், ஆனால் முதலாம் எலிசபெத்தின் காலம். வீட்டுக்காரர் ஆண்டனி பாபிங்டன். சிறைப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரியைத் தப்பவைக்க ரகசியமாகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். மேரியின் தலை வெட்டப்படப்போகிறது என்பது பெனலபிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எதையும் அவளால் மாற்ற முடியாது.

பத்து வயதில் இதை வாசித்தால் ‘தப்பித்துவிடுவார்களா’ என்ற பதைப்பு இருக்கும். நமக்கு அது இல்லை. பாபிங்டன் 1586இல் கொல்லப்பட்டார், மேரி 1587இல். அதனால் சமையற்கட்டில் எல்லோரும் சிரித்துப் பேசி வேலை செய்யும் சாதாரணமான பக்கங்கள்தான் நம்மைப் படுத்துகின்றன. பெனலபியின் அவஸ்தை வயது வந்தவர்களின் அவஸ்தை. அதை ஒரு சிறுமியின் தலையில் ஏற்றிவைத்ததுதான் அட்லியின் சாமர்த்தியம்.

இன்னொன்று, சிக்கனம். சேகரித்த தகவலையெல்லாம் கொட்டிவைக்கச் சிறார் நாவலில் இடம் கிடையாது. கொட்டினால் பிள்ளைகள் மூடிவைத்துவிடுவார்கள். (நாம்தான் மரியாதைக்காகப் புரட்டிக்கொண்டிருப்போம்.) கிப்ளிங்கின் ‘பக் ஆஃப் பூக்ஸ் ஹில்’ கதைத் தொகுப்பில் யூனா என்ற சிறுமி கவணோடு விளையாடும் இடத்தில் ரோமானியப் படைத்தலைவன் ஒருவன் வந்து நிற்கிறான். பிரிட்டனின் ஒரு தீவில் பிறந்து வளர்ந்தவன். ரோமைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்! ஒரு பேரரசின் விளிம்பில் வாழ்வது என்ன என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு?

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். மாயத்தை வைத்து வரலாற்றையே திருத்திவிடும் கதைகள் எனக்கு ஒட்டுவதில்லை. போருக்கு நடுவில் ஒரு சிறுவன் மந்திரக்கல்லை உயர்த்தி எல்லோரையும் காப்பாற்றிவிட்டால், அங்கே செத்தவர்களுக்கு என்ன மதிப்பு? உள்ளே போகும் வழியாக மட்டும் மாயம் இருக்கட்டும். போன பிறகு அங்கே உள்ளபடிதான் நடக்க வேண்டும்.

தடித்த நாவல்கள் நின்றுபோனதற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அவற்றில் பாதி, எழுதியவர் சுருக்கச் சோம்பியதால் தடித்தவை.