ஐஜிஎம் 24 வந்தால் ரத்த உறைவு நோயா?

கேள்வி: எனக்கு வயது 29. ஏழாவது வாரத்தில் ஒரு முறை, எட்டாவது வாரத்தில் ஒரு முறை கரு கலைந்துவிட்டது. இரண்டாவது கலைந்து இரண்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஆன்டிகார்டியோலிப்பின் ஐஜிஎம் 24 பாசிட்டிவ், ஐஜிஜி 6 நெகட்டிவ். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோமாம். ஆயுள் முழுக்க வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பது, உடலே உருவாக்கும் சில ஆன்டிபாடிகளால் ரத்தம் எளிதில் உறைவதும் கரு கலைவதும் நேரும் நோய்; ஐஜிஜி, ஐஜிஎம் அந்த ஆன்டிபாடிகளின் வகைகள். இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அந்த நோய் என்று முடிவு கட்ட முடியாது.

லேப் 'பாசிட்டிவ்' என்று அச்சடித்தால், அவர்களுடைய பரிசோதனை கிட்டின் எல்லையை எண் தாண்டியிருக்கிறது என்று மட்டுமே பொருள். பல கிட்களில் அந்த எல்லை 40-க்கு வெகு கீழேயே இருக்கும். இந்த நோய்க்கான 2006-இன் சிட்னி வரையறைப்படி, ஆன்டிகார்டியோலிப்பின் அளவு 40 யூனிட்டையோ, ஆரோக்கியமானவர்களில் 99 சதவீதம் பேரின் அளவையோ தாண்ட வேண்டும். குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை அப்படி வர வேண்டும். ஏதாவது தொற்று வந்துபோனால்கூட இந்த ஆன்டிபாடிகள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும், அதனால்தான் அந்த இடைவெளி. ஐஜிஎம் மட்டும் லேசாக ஏறியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே வரையறையில், 10 வாரத்துக்கு முன் கலைந்தவை தொடர்ச்சியாக மூன்று இருந்தால்தான் கணக்கு. ஆனால் இரண்டு கலைந்த பிறகே பரிசோதிப்பதில் தவறில்லை.

செய்வதானால் மூன்றையும் செய்யுங்கள்: ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் (இரண்டிலும் ஐஜிஜி, ஐஜிஎம்), லூபஸ் ஆன்டிகோகுலன்ட். உங்களுக்கு விட்டுப்போன கடைசி இரண்டில் லூபஸ் ஆன்டிகோகுலன்ட்தான் மிக முக்கியம். இது பாசிட்டிவ் என்றால் லூபஸ் நோய் என்று பயப்பட வேண்டாம்.

எளிதில் கெட்டுப்போகும் டெஸ்டும் இதுதான், ஏனென்றால் இதில் அளப்பது ரத்தம் உறையும் நேரத்தை. நீல மூடி சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம்) குழாயில் கோடு வரை ரத்தம் வர வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். குறைந்தால் சிட்ரேட் மிகுந்து, உறையும் நேரம் பொய்யாக நீளும். 4 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) பிரித்து, இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். ஒரே முறை சுற்றினால் தட்டணுக்கள் தங்கிவிடும். பிளாஸ்மாவை ஃப்ரீசரில் உறைய வைத்து உருக்கும்போது அவை உடைந்து கொழுப்பை வெளிவிடும், ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும். தெருமுனை கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுப்பதற்கு முன், பிளாஸ்மாவை எங்கே, எத்தனை மணிக்குப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், ரத்த உறைவுப் பிரிவு உள்ள மருத்துவமனை லேபுக்கே நேரில் போய்விடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை.

மருந்துகளும் குழப்பும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டால் கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரமாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். வார்ஃபரின் அல்லது அதே வேலையைச் செய்யும் ரிவராக்ஸபான் சாப்பிடுபவர்களுக்கு லூபஸ் ஆன்டிகோகுலன்ட் முடிவை நம்ப முடியாது. மற்ற இரண்டும் மாறாது. ஆஸ்பிரினால் பிரச்சினை இல்லை.

முதல் டெஸ்ட் தேதியிலிருந்து 12 வாரம் எண்ணி, மூன்றையும் ஒரே லேபில் கொடுங்கள். கிட் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. முதன்முறையாகச் செய்யும் இரண்டில் எது பாசிட்டிவ் ஆனாலும், அதற்கு இன்னொரு 12 வாரம் உண்டு. இதற்கிடையில் தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன் பார்த்துவிடலாம். இவ்வளவு சீக்கிரம் கலைவதற்குக் கருவின் குரோமோசோம் கோளாறே மிகப் பொதுவான காரணம்.

நோய் உறுதியானாலும், ரத்தக்கட்டு வராத உங்களுக்கு வார்ஃபரின் கிடையாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அது கருவைப் பாதிக்கும். கர்ப்பத்தில் குறைந்த டோஸ் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தருவார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ, எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.