பையர் 12 சதவீதம் கழிக்கச் சொல்கிறார், கழிக்கலாமா?

கரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பெட்ஷீட், கிச்சன் டவல் ஏற்றுமதி செய்கிறோம். இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால் 12 சதவீத இறக்குமதி வரி இனி கிடையாது, அதை விலையில் கழித்துக் கொடுங்கள் என்று லண்டன் பையர் மெயில் போட்டிருக்கிறார். கழிக்கலாமா?"

அவசரப்படாதீர்கள். அந்த வரி உங்கள் விலைக்குள் இல்லவே இல்லை. அவர்தான் தன் ஊர் துறைமுகத்தில் கட்டுகிறார். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு டவல் 100 ரூபாய்க்கு அங்கே போய் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வரியோடு அவருக்கு அடக்கம் 112. வரி நீங்கினால் நீங்கள் எதுவும் செய்யாமலே 100 ஆகிவிடும். நீங்களும் 12 கழித்தால் 88, அதாவது 24 ரூபாயும் அவர் பைக்குள், அதில் பாதி உங்கள் பையிலிருந்து போனது! நியாயமாகப் பார்த்தால் நீங்கள் 106 என்று விலையை ஏற்றிக் கேட்டாலும் அவருக்கு 6 ரூபாய் லாபம்தான்.

ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசச் சரக்கு ஏற்கெனவே வரியில்லாமல் அங்கே இறங்குகிறது, ஆகவே பெரிய ஆர்டர் தருவதாக எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று சதவீதம் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை என்பது என் கருத்து.

அப்புறம் தேதி. கையெழுத்தானது 2025 ஜூலை 24. கையெழுத்து நாள் வேறு, அமலுக்கு வரும் நாள் வேறு. ஆஸ்திரேலியாவோடு 2022 ஏப்ரல் 2 அன்று போட்ட ஒப்பந்தம் அந்த டிசம்பர் 29-இல்தான் அமலுக்கு வந்தது. அமல் தேதிக்கு முன்னால் அங்கே சுங்கம் கடக்கும் சரக்குக்குப் பழைய வரிதான்.

பலரும் கோட்டை விடுவது நூல் விஷயத்தில். முன்பெல்லாம் பேச்சுவார்த்தையில் சண்டை எண்ணிக்கைக்காக, அதாவது எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்ற உச்சவரம்புக்காக (கோட்டா) நடந்தது. 1961-இல் அமெரிக்கா முன்கை எடுத்து, பருத்தித் துணிக்கென்று ஓராண்டு ஏற்பாடு என்றுதான் ஆரம்பித்தார்கள். அது அடுத்த வருடமே ஐந்தாண்டு ஏற்பாடாகி, 1974-இல் கம்பளியையும் செயற்கை இழையையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் 2004 டிசம்பர் 31 அன்றுதான் கோட்டா ஒழிந்தது. (கோட்டாவையே விலைக்கு வாங்கி விற்ற கதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.) இப்போது எத்தனை பீஸ் என்று யாரும் கேட்பதில்லை, நூல் எங்கே நூற்றது, துணி எங்கே நெய்தது என்றுதான் கேட்கிறார்கள். வெளிநாட்டுத் துணியை வாங்கி வெட்டி ஓரம் அடித்து அனுப்பினால் பல ஒப்பந்தங்களில் அது இந்தியச் சரக்காகவே கணக்காகாது, வரிச் சலுகையும் கிடைக்காது. உங்கள் சரக்கு சுங்க வகைப்பாட்டில் 6302 என்ற எண்ணுள்ள தலைப்பில் வரும். அதற்கான மூல விதியை, அதாவது எது இந்தியச் சரக்கு என்று தீர்மானிக்கும் விதியை, ஒப்பந்தத்தில் எடுத்து ஆடிட்டரோடு உட்கார்ந்து படியுங்கள். ஸ்பின்னிங் மில் பில், நெசவுக் கூலி பில், சாயப்பட்டறை பில் எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாகக் கோப்பு போட்டு வையுங்கள். ஜாப் ஒர்க் கொடுப்பவர்களிடம், அதாவது நெசவு, சாயம் போன்ற வேலைகளை வெளியே கொடுத்துச் செய்பவர்களிடம், இந்தக் காகிதம்தான் சிக்காது.

சரி, பையருக்கு என்ன பதில் எழுதுவது? அமல் தேதி வரை பழைய விலை, அதன் பிறகு வரி மிச்சத்தில் இன்ன பங்கு என்று எழுதுங்கள். சலுகை மறுக்கப்பட்டால் அந்த வரி யார் தலையில் என்பதையும் இப்போதே பேசி மெயிலில் வாங்கிவிடுங்கள், போனில் பேசிவிட்டு விடாதீர்கள்.